நந்தவனத் தெரு நெருங்கிய கதை

நந்தவனத் தெருவில் நந்தவனம் கிடையாது. கிழக்கே அம்மன் கோயில் வளைவில் ஆரம்பித்து மேற்கே கண்மாய்க்கரையில் முடிகிற அந்தத் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு அடிகுழாய், அடிகுழாய்க்குப் பக்கத்தில் ஒரு கரண்டுக் கம்பம், அவ்வளவுதான். ஆனாலும் தெருக்காரர்களுக்குத் தங்கள் தெருவைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று கத்துகிற ஆண் அங்கே இல்லை, அடுத்தவள் கோழியை அமுக்கிக் குழம்பு வைக்கிற பெண் இல்லை, பரீட்சையில் பார்த்து எழுதுகிற பிள்ளைகூட இல்லை, எல்லாரும் அவ்வளவு நல்லவர்கள். அதைக் கேள்விப்பட்டு ஒரு குடியரசு தினத்தன்று காவல்துறைப் பெரிய அதிகாரி ஒருவர் நேரிலேயே வந்து, 'மாதிரித் தெரு' என்று எழுதிய பச்சைப் பலகையைக் கோயில் வளைவுக்குப் பக்கத்தில் நட்டு, எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். பலகை நட்ட ஈரம் காய்வதற்குள் வீடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தன.

முதலில் காட்டிக்கொடுத்தது துணி காயப்போடும் கொடிக்கயிறு. பொன்ராணி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் கட்டியிருந்த கயிறு, வருஷக்கணக்காகத் தொய்ந்து தொய்ந்து சேலை முந்தானை மண்ணில் புரளும்படி கிடந்த கயிறு, மெல்ல மெல்ல விறைத்து, ஒருநாள் பட்டென்று அறுந்து, துவைத்த துணி அத்தனையும் சேற்றில் விழுந்தது. பொன்ராணி கயிறு விற்ற கடைக்காரனைப் போய்த் திட்டிவிட்டு வந்தாள். பிறகு பூனை ஒருக்களித்துப் போகிற சந்தில் ஆள் போக முடிந்தது, ஆள் போகிற சந்தில் மாட்டுவண்டி போக முடிந்தது. "என்ன மதினி, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று காலையில் இந்த வாசலில் நின்று கேட்டால், சாப்பிட்டுக் கைகழுவி ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகுதான் அந்த வாசலிலிருந்து பதில் வந்து சேர்ந்தது. யாரும் இதற்காக ஆச்சரியப்படவில்லை. "மழ பெஞ்சா மண்ணு வளரத்தான செய்யும்" என்றார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து வந்த சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்து, வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இப்படி இருக்கவே முடியாது என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டு, பைக்கை நிறுத்தியிருந்த இடத்துக்கு வெயிலில் வெகுநேரம் நடந்து போனார். பால்காரர் சைக்கிளை விற்று மொபெட் வாங்கினார். மனைத் தரகர் ஒருவர், வீடுகளுக்கு நடுவில் முளைத்த நிலத்தில் கல் ஊன்றிச் சிவப்புக் கொடி கட்டிவிட்டு, வாங்குவதற்கு ஆள் பிடிக்கப் போனார்.

பழக முடியாததாக இருந்தது வேறொன்று. காய்ச்சலில் கிடந்தவள் கிடந்தபடியே கிடந்தாள், விசாரிக்க ஆள் வரவில்லை. பிள்ளை வேலைக்குச் சேர்ந்த சந்தோஷத்தில் கேசரி கிளறியவர் அதை எடுத்துக்கொண்டு எந்த வாசலுக்கு நடப்பது என்று மலைத்து, தானே தின்று தீர்த்தார். நல்லவர்கள் எல்லாரும் தத்தம் வீட்டுக்குள் நல்லவர்களாகவே தனியாக இருந்தார்கள்.

அந்தத் தெருவுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குழம்போ கூழோ போனால், போன பாத்திரம் வெறுமனே திரும்பி வரக்கூடாது. அதில் ஒரு பிடி முருங்கைக்கீரையாவது, நாலு பச்சைமிளகாயாவது, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகைச் சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது 'உன் உறவு இத்தோடு போதும்' என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். எந்தப் பாத்திரம் யாருடையது என்ற சண்டை வராமலிருக்க எல்லாரும் பாத்திரக்கடையிலேயே பெயர் வெட்டி வாங்கினார்கள்.

மேற்குக் கடைசியில், கண்மாய்க்குப் பக்கத்தில் இருந்தது ராஜகனியின் வீடு. அவள் புருஷன் தவமணி லோடு வண்டி ஓட்டினான். இரண்டு பேரும் கல்யாணமான நாளிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு. மணல் அவன் சுமந்தது, தண்ணீர் அவள் சுமந்தது. தெரு நீள நீளக் கடைசி வீடு மேற்கே தள்ளிக்கொண்டே போனது. ஆரம்பத்தில் ராஜகனிக்கு அதில் லாபம்தான், துணி துவைக்கக் கண்மாய் பக்கத்திலேயே வந்துவிட்டது. பிறகு பாத்திரம் விளக்குகிற இடத்தில் ஒரு கெளுத்தி மீன் துள்ளியது. பிறகு ஆட்டுரலுக்குக் கீழே தண்ணீர்ப் பாம்பு குட்டி போட்டது. ஐப்பசி மழை தொடங்கினால் அடுப்படிக்குள் தண்ணீர் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தவமணி வாசலில் உட்கார்ந்து, வீட்டைக் கயிறு கட்டி இழுக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

அப்படியிருக்கும்போதுதான் கொக்கி என்கிற கள்ளன் பிடிபட்டான். நீளமான கம்பின் நுனியில் கொக்கி கட்டி, ஜன்னல் வழியாகச் சட்டைகளை இழுத்துக்கொண்டு போகிற அவனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. பொன்ராணி வீட்டு ஜன்னலில் அவன் கம்பை விட்டதை, அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்த தவமணி பார்த்து, "கள்ளன்! கள்ளன்!" என்று கத்தினான். என்ன குழம்பு என்ற கேள்விக்குப் பொழுது சாயும்வரை பதில் வராத தெருவில், அந்த ஒரு வார்த்தை மட்டும் எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே நேரத்தில் போய் விழுந்தது. விளக்குமாறும் உலக்கையுமாக எல்லாரும் ஓடி வந்தார்கள். அவனைக் கரண்டுக் கம்பத்தில் கட்டினார்கள். ஆளுக்கு ஒரு அடி, முறை தவறாமல், கோயில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்பது மாதிரி நின்று அடித்தார்கள். மாதக்கணக்கில் முகம் பார்க்காதவர்கள் தோளோடு தோள் உரச நின்று, "நாந்தான் மொதல்ல பாத்தேன்", "இல்ல மதினி, எனக்குக் காலையிலேயே கண்ணு துடிச்சுது" என்று பேசிப் பேசி மாய்ந்தார்கள். யாரோ ஒரு அண்டா நிறையக் காப்பி போட்டார்கள். எல்லாரும் கலைந்து வீட்டுக்கு நடந்தபோது வீடுகள் சீக்கிரமாகவே வந்துவிட்டன.

மறுநாள் காலையில் பூனை மறுபடியும் ஒருக்களித்துத்தான் சந்தில் போக வேண்டியிருந்தது. மனைத் தரகர் ஊன்றிய கல்லில் ஒன்று பொன்ராணியின் அடுப்புக்குப் பக்கத்தில் சிவப்புக் கொடியோடு நின்றது. அவள் அதில் கரித்துணியைத் தொங்கவிட்டாள். கண்மாய் பழைய இடத்துக்குப் போயிருந்தது. எதனால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது.

புரிந்ததை நல்ல வார்த்தையில் எடுத்துச் சொன்னவர் ஞானசிகாமணி. பக்கத்து ஊர்க் கல்லூரியில் சமூகவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், தெருச் சங்கத்துக்குத் தலைவர், கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். "காய்ச்சல் வந்தா பயப்படுறோம். ஆனா உசுரு உள்ள ஒடம்புக்குத்தான் காய்ச்சல் வரும், பொணத்துக்கு வராது. ஒரு சமுதாயத்துல குத்தம் நடக்கிறதும் அப்படித்தான். ஒருத்தன் கோட்டத் தாண்டும்போதுதான் கோடு எங்க கெடக்குன்னு மத்தவனுக்குத் தெரியுது. அவன நாலு பேரு சேந்து கண்டிக்கும்போதுதான் நாம நாலு பேருங்கிறதே நமக்கு ஞாபகம் வருது. அந்த வகையில பாத்தா, கள்ளனும் சமுதாயத்துக்கு ஒரு வேலை செய்றான்." எல்லாரும் கை தட்டினார்கள். அடித்த கை கொஞ்சம் உறுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பேச்சு நல்ல தைலமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. நல்ல சட்டையாகப் பார்த்துக் கம்புக்கு எட்டுகிற தூரத்தில் மாட்டி வைத்தார்கள். வீடுகள் விலகத் தொடங்கினால் கொக்கி வருவான், மாட்டுவான், அடி வாங்குவான், அப்புறம் காப்பியும் பன்னும் வாங்கித் தின்றுவிட்டுப் போவான். ஒருமுறை அவன், "அண்ணாச்சி, மேலுக்குச் சொகமில்ல, இந்தவாட்டி மட்டும் லேசா அடிங்க" என்று கேட்டுக்கொண்டான். பாவம் என்று லேசாக அடித்தார்கள், தெருவும் லேசாகத்தான் நெருங்கியது. அவனுக்கு ஒரு ஜவுளிக்கடையில் காவலாளி வேலை கிடைத்து நீலச் சட்டையும் விசிலும் கொடுத்துவிட்ட பிறகு, தெருவிலிருந்து நாலு பேர் வெற்றிலை பாக்கோடு போய்க் கூப்பிட்டார்கள். "இப்பத்தான் நாலு பேரு என்னைய மனுசனா பாக்காங்க. கெடுத்துராதீங்க அண்ணாச்சி" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டான்.

கள்ளன் இல்லாத தெருவில் கள்ளத்தனத்துக்குப் பஞ்சம் வந்தால் என்ன செய்வது? இருப்பதைப் பெரிதாக்க வேண்டியதுதான். குப்பையை அடுத்தவர் வாசல் பக்கமாகக் கூட்டித் தள்ளியவளைக் கம்பத்தடியில் நிறுத்தினார்கள். கோலம் போடாமல் பிளாஸ்டிக் கோலம் ஒட்டியவளை நிறுத்தினார்கள். சாவு வீட்டில் சிரித்தவனை நிறுத்தினார்கள். பிறகு, சாவு வீட்டில் போதுமான அளவுக்கு அழாதவனையும் நிறுத்தினார்கள். ஞானசிகாமணி இதையும் எதிர்பார்த்திருந்தார். "எல்லாரும் சாமியாரா இருக்கிற மடத்துல, பூசை நேரத்துல தும்முறவந்தான் கொலகாரன்" என்றார். ஆனால் கோலத்துக்கும் குப்பைக்கும் நெருங்கிய தெரு ரெண்டு பொழுது தாங்கவில்லை, மறுபடி விலகியது. ஐப்பசி பிறந்தது. ராஜகனியின் பின்வாசல் கடைசிப் படியைக் கண்மாய் நக்க ஆரம்பித்தது.

தெருவின் நடுவில், அடிகுழாய்க்கு எதிரே குடியிருந்தவள் சீனியம்மாள். புருஷன் கேரளாவுக்கு ரோடு போடும் வேலைக்குப் போனவன், போனவன்தான். வீட்டில் உட்கார்ந்து பலசரக்குக் கடைகளுக்குக் காகிதக் கவர் ஒட்டிக் கொடுத்து அவள் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் பசை காயாது, கவர் ஒட்டாது, ஒட்டாவிட்டால் அடுப்பும் எரியாது. அவளுக்குக் காய்ச்சல் என்று பால்காரர் சொல்லிக் கேள்விப்பட்டு, ராஜகனி தன் தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றி, மூடியில் பருப்புத் துவையல் வைத்து, நீண்டுபோன தெருவில் முட்டி வலிக்க நடந்து போய்க் கொடுத்தாள். சீனியம்மாள் எழுந்து உட்கார்ந்து குடித்தாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்குள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பார்த்த இடத்திலெல்லாம் ஒன்றுமில்லை.

"வெறுஞ் சட்டிய எப்பிடிக்கா குடுக்க. ரெண்டு நாளு போவட்டும்" என்றாள்.

"கெடக்கட்டும்டி, அதுக்கென்ன அவசரம்" என்றாள் ராஜகனி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மழை விடவில்லை, பசை காயவில்லை, தூக்குச்சட்டி சீனியம்மாள் வீட்டு அலமாரியில், வெட்டிய பெயர் வெளியே தெரியும்படி உட்கார்ந்திருந்தது. கவர் இருக்கிறதா என்று கேட்கப் போன பொன்ராணி அதைப் பார்த்தாள். பொன்ராணியும் கெட்டவள் இல்லை. கொஞ்ச நாளாகப் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவள், அவ்வளவுதான். சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் குழாயடிக்கு வந்தபோது மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அவள் கத்தவில்லை, 'கள்ளி' என்று சாதாரணமாகச் சொன்னாள், எல்லாக் கதவும் திறந்தன.

ராஜகனி அடுப்படியில் முழங்காலளவுத் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்படியே ஈரச் சேலையோடு ஓடி வந்தாள். குழாயடியில் தெருவே நின்றது, நடுவில் சீனியம்மாள் நின்றாள், பொன்ராணி சட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"ராஜகனி மதினி, இது ஒங்க பேரு வெட்டுன சட்டிதான?"

"எங்கதுதான்."

"நீங்க குடுத்தீங்களா, அவளா எடுத்தாளா?"

சீனியம்மாளின் முகத்தில் பயமே இல்லை. ராஜகனி அக்கா வந்துவிட்டாள், ஒரு வார்த்தை சொல்வாள், எல்லாரும் அசடு வழிந்து கலைவார்கள் என்ற தைரியத்தில் அவள் லேசாகச் சிரித்துக்கொண்டுகூட நின்றாள். ராஜகனி வாயைத் திறந்தாள். சேலைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கால் விரலில் விழுந்தது. கூட்டத்தில் தவமணி கையில் காலி வாளியோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு... குடுத்த மாதிரி நெனவில்லையே" என்றாள் ராஜகனி.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெண்களே நடத்தினார்கள், ஆண்கள் சுற்றி நின்றார்கள். தலைமுடியைப் பிடித்தது யார், கம்பத்தோடு சேர்த்துக் கட்டியது யார் என்றெல்லாம் பிரித்துச் சொல்வதற்கில்லை, எல்லாக் கையும் ஒரே கையாக இருந்தது. சீனியம்மாள் அழவில்லை. ராஜகனியின் பக்கம் திரும்பவும் இல்லை. ஞானசிகாமணி குடையோடு வந்து நின்று, "இதெல்லாம் ஒரு தனி ஆளு மேல உள்ள கோவம் இல்லம்மா, நீ மனசுல வச்சுக்காத. எல்லாரோட நன்மைக்கும்" என்று ஆரம்பித்தபோதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"எல்லாருங்கிறீகளே சார், அதுல நான் இல்லையா?"

அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மழை மறுபடி பிடித்துக்கொண்டதால் எல்லாரும் கட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

விடிந்தபோது தெரு என்றைக்குமில்லாத அளவுக்கு நெருங்கியிருந்தது. ராஜகனியின் அடுப்படி காய்ந்து கிடந்தது, தரையில் ஈரத்தின் சுவடுகூட இல்லை. அவள் கோலமாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து இடதுபக்கம் திரும்பினாள். நேற்றுவரை கண்மாய் இருந்த பக்கத்தில் ஒரு வீடு நின்றது. சீனியம்மாள் வீடு. நடுத்தெருவில் அது இருந்த இடத்தை மற்ற வீடுகள் ஒட்டிக்கொண்டு மூடிவிட்டன. அது தெருவின் கடைசிக்குத் தள்ளப்பட்டு, அதன் பின்சுவர் தண்ணீரில் நின்றது. கோலமாவு கையிலிருந்து கொட்டிப் போனது. ராஜகனி அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

தெருவுக்கு அது நல்ல காலம். சீனியம்மாள் கடைசி வீட்டில் இருக்கும்வரை தெரு விலகவில்லை, புதிதாக எந்தக் குற்றமும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. பிளாஸ்டிக் கோலத்தை எல்லாரும் மன்னித்தார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் குழம்பு கைமாறியது. கல்யாணங்கள் கூடி வந்தன. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல, "கடைசி வீட்டுக்காரி மாதிரி ஆயிராத" என்று ஒரு வரி கிடைத்தது. குழாயடியில் அவள் குடம் கடைசிக் குடம். அவளுக்கு முறை வரும்போது எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள், அவள் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அவள் ஒட்டிய கவரைக் கடைக்காரர்கள் வாங்கவில்லை. ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை என்றால், புருஷன் தேடி வந்தால் இந்த விலாசத்துக்குத்தான் வருவான்.

ராஜகனிக்குச் சோறு இறங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டால் இந்தப் பக்கம் இவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இங்கே இரண்டும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தன. சட்டி நிறையச் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். "வேண்டாங்க்கா. திருப்பிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. குரலில் கோபம் இருந்திருந்தால் ராஜகனி தாங்கியிருப்பாள். அது இல்லை.

ஒருநாள் தவமணிக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "அந்தச் சட்டிய நாந்தாங்க குடுத்தேன்."

"தெரியும்" என்றான் அவன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "மெதுவாப் பேசு."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாருக்குந்தான் தெரியும்."

அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். எல்லாரும் இருந்த நேரம். "சீனியம்மா திருடல. நாந்தான் குடுத்தேன், நெனவிருந்தும் இல்லன்னு பொய் சொன்னேன்" என்று உரக்கவே சொன்னாள். ஒரு நிமிடம் பம்பு அடிக்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. பொன்ராணி வந்து அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "மேலு சுடுதே மதினி, சுக்குக் காப்பி போட்டுத் தரவா?" என்றாள். ஞானசிகாமணி, "நல்ல மனசு உள்ளவங்களுக்குத்தாம்மா இப்படியெல்லாம் தோணும். போய் ரெஸ்ட் எடு. இதை நீ சொன்னதாவும் வேண்டாம், நாங்க கேட்டதாவும் வேண்டாம்" என்றார். ஆளாளுக்கு அவள் முதுகைத் தடவி வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள்.

கதவைச் சாத்திவிட்டு ராஜகனி நின்றாள். நெஞ்சு லேசாகியிருந்தது. சொல்லியாகிவிட்டது, அவர்கள் கேட்காவிட்டால் நான் என்ன செய்ய என்று ஒரு நிம்மதி. தரையும் காய்ந்தே இருக்கிறது என்று அதற்குக் கீழே இன்னொரு நிம்மதி. அந்த இரண்டாவது நிம்மதியைத் தான் பார்த்துவிட்டதை அவளால் தாங்க முடியவில்லை. கையில் அகப்பட்ட துணியால் தரையைத் தேய்த்தாள், ஈரமே இல்லாத தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த அன்று காலை, சீனியம்மாள் வீடு தண்ணீருக்குள் போனது. இடியவில்லை, சரியவில்லை, படித்துறையில் இறங்குகிற பெண்பிள்ளை மாதிரி பதறாமல் படிப்படியாக இறங்கியது. அதற்கு முன்பே சீனியம்மாள் ஒரு துணிமூட்டையோடு வெளியே வந்துவிட்டாள். வீடு மூழ்கி முடிக்கும்வரை கரையில் நின்று பார்த்தாள். பிறகு கரையோடு தெற்கே நடந்தாள். பின்வாசலில் நின்றிருந்த ராஜகனிக்கு அது கூப்பிடு தூரம்தான். 'சீனி' என்று ஒரு குரல் கொடுத்தால் திரும்பியிருப்பாள். வா வீட்டுக்கு என்று சொல்லியிருக்கலாம், இடமா இல்லை? ராஜகனி கூப்பிடவில்லை. உருவம் சிறுத்து, கருவேல மரங்களுக்குள் போய் மறைகிறவரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே பொன்ராணி வீட்டுக் கொடிக்கயிறு விறைக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை தெரு பழைய மாதிரி மெல்ல மெல்ல விலகவில்லை. இவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்தது போலச் சடசடவென்று விலகியது. எதிர்வீடு புள்ளியாகத் தெரிந்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கும் அடுப்படியில் இருந்த தாய்க்கும் நடுவில்கூடத் தூரம் விழுந்தது, ஓடி எடுப்பதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்தது. மேற்கே கடைசி வீடு மறுபடியும் ராஜகனி வீடாகிவிட்டது.

தெருக்காரர்கள் எல்லாரும் புறப்பட்டார்கள். வெயிலில் வெகுதூரம், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலோடு நடந்து ராஜகனியின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். தவமணி வண்டிச் சாவியைக் கையில் உருட்டியபடி வாசலில் நின்றான். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வழிவிட்டு ஒதுங்கினான். ஞானசிகாமணி மூச்சு வாங்க நின்று, தொண்டையைக் கனைத்தார். பேசியது பொன்ராணி.

"அன்னைக்குக் கொழாயடியில என்னமோ சொன்னீங்களே மதினி. சரியாக் காதுல விழல. இப்பச் சொல்லுங்க."

ராஜகனி எல்லார் முகத்தையும் பார்த்தாள். கெட்ட முகம் ஒன்றுகூட அங்கே இல்லை. தாகத்தில் இருக்கிறவர்கள் தண்ணீர்க் குடத்தைப் பார்ப்பது மாதிரி எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னாள், அவர்கள் கேட்டதைவிட உரக்கவே சொன்னாள். "கஞ்சி ஊத்தி எங் கையால குடுத்தேன். அவ நல்லவ. எடுக்கலன்னு தெரியும், தெரிஞ்சே பலி குடுத்தேன். எவ வீடு போனாலும் சரி, என் வீடு நிக்கட்டும்னு நெனச்சேன்."

"அடிப் பாவி!" என்றது தெரு. அத்தனை வாயும் ஒரே வாயாகச் சொன்னது, சொன்னவுடன் அவர்கள் காலடியில் மண் சுருங்கியது. கோயில் வளைவும் பச்சைப் பலகையும் ஓடி வந்தன, வாசல்கள் வாசல்களைத் தேடி வந்தன, அழுதுகொண்டிருந்த பிள்ளை தாயின் கைக்கு எட்டியது. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். யாரோ அண்டாவை அடுப்பில் ஏற்றினார்கள். ராஜகனி வீடு பின்பக்கமாக ஒரு படி தண்ணீரில் இறங்கியது, அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, கரையை நோக்கி நடந்தாள். தெற்கே சீனியம்மாள் எவ்வளவு தூரம் போயிருப்பாள், விசாரித்துக்கொண்டே போனால் கண்டுபிடிக்கலாம், காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வரலாம் என்று நினைத்து நடந்தாள்.

கருவேல மரங்களை அடைவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொரு கை தோளைப் பிடித்தது. யாரும் அடிக்கவில்லை, முரட்டுத்தனமாக இழுக்கவும் இல்லை. பொன்ராணி மூச்சிரைக்க முன்னால் வந்து நின்றாள், அவள் கண் கலங்கியிருந்தது.

"எங்க போறீங்க மதினி?" என்றாள். "நீங்களும் போயிட்டா நாங்க எப்பிடி இருப்போம்?"

அதை அவள் உண்மையான பாசத்தோடுதான் சொன்னாள்.